எந்தக் கட்டத்துல டிக் அடிக்கறது?

சில வருஷத்துக்கு முன்னாடி, அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கப் போறேன்னு கிளம்பி, ராத்திரி உக்காந்து விண்ணப்பம் நிரப்பிட்டு இருந்தேன். நடுவுல ஒரு கேள்வி: உங்கள் இனம் என்ன? பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்த அப்பா, "என்னடா, அங்கயும் சாதி கேக்கறானா?"ன்னார். ஆசியன்னு டிக் அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிட்டேன். (எம்.எஸ். போகல, இங்கயே பொட்டி தட்டறேன். அது தனி சோகம்.)

2025 ஜூலையில நியூயார்க் டைம்ஸ்ல ஒரு செய்தி வந்தப்போ அந்த ராத்திரி ஞாபகம் வந்துச்சு. நியூயார்க் மேயர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல்ல அப்போதான் ஜெயிச்சிருந்தார் சோரான் மம்தானி. அவர் 2009ல பள்ளி கடைசி வருஷம் படிக்கும்போது கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போட்ட விண்ணப்பத்துல 'ஆசியன்', 'கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர்' ரெண்டு கட்டத்துலயும் டிக் அடிச்சிருந்தாராம். பல்கலைக்கழகத்துக் கணினிகள்ல இருந்து திருடப்பட்ட தகவல் அது. எதிர்த்துப் போட்டியிட்ட அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ், தானே கறுப்பினத்தவர், கொதிச்சுட்டார். இந்திய-உகாண்டாக்காரனுக்குன்னு பெரும்பாலான படிவங்கள்ல கட்டம் இல்ல, அதனாலதான் ஒண்ணுக்கு மேல டிக் அடிச்சேன், எழுத இடம் இருந்த இடத்துல 'உகாண்டா'ன்னும் எழுதினேன்னு மம்தானி சொன்னார். இதுல வேடிக்கை, கொலம்பியாவுல அவருக்கு இடமே கிடைக்கல. அவங்க அப்பா மஹ்மூத் மம்தானி அங்கதான் பேராசிரியர்!

சரி, இந்தக் கட்டத்தை எல்லாம் யார் போட்டாங்க? தோண்டிப் பாத்தா நம்மாளுங்க கதை அங்க செம குழப்பம்.

1923ல பகத் சிங் திண்ட்னு ஒரு பஞ்சாபி. முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். அப்போ அங்க குடியுரிமை வாங்கணும்னா வெள்ளையரா இருக்கணும், இல்ல ஆப்பிரிக்க வம்சாவளியா இருக்கணும். திண்ட் தரப்பு என்ன வாதாடுச்சு தெரியுமா? நான் ஆரியன், உயர்சாதி, அதனால காகேசியன், ஆகவே வெள்ளையன்! மூணு மாசம் முன்னாடிதான், வெள்ளையர்னா காகேசியன்னு சொல்லி ஒரு ஜப்பானியரோட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணியிருந்துச்சு. இவர் காகேசியன்னு வந்து நின்னதும், அதே நீதிபதி சதர்லாண்ட், சாதாரண மனுசன் யாரை வெள்ளையன்னு நினைக்கறானோ அவன்தான் வெள்ளையன்னு எழுதிட்டார். திண்டோட குடியுரிமை போச்சு. அவரால ஏற்கனவே வாங்கியிருந்த பல இந்தியர்களோடதும் போச்சு. சாதியைக் காட்டி வெள்ளைக்காரனாகப் பாத்த அந்த வாதத்தை நினைச்சா எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருது.

1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல நமக்கு 'ஹிந்து'ன்னு ஒரு இனம். சீக்கியரும் முஸ்லிமும்கூட அங்க ஹிந்துதான். 1970ல பாத்தா இந்தியர்களை வெள்ளையர்ல சேத்துட்டாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு திண்ட் கேட்டது கிடைச்சுடுச்சு, ஆனா அதுக்குள்ள நம்மாளுங்களுக்கு அது வேண்டாம்! சிறுபான்மையினருக்கான சட்டப் பாதுகாப்பு வேணும்னு இந்தியச் சங்கங்கள் சில போராடுச்சு. 1977ல மத்திய அரசு போட்ட 15ஆம் எண் வழிகாட்டுதல், இந்தியத் துணைக்கண்டத்தை 'ஆசியர்'ல சேத்துச்சு. 1980 கணக்கெடுப்புல 'ஆசிய இந்தியர்'னு தனிக் கட்டமே வந்துச்சு.

அதே 1977 ஆவணத்துல, கறுப்பர்னா ஆப்பிரிக்காவின் கறுப்பின மக்களோட வழிவந்தவர்னு இருக்கு. பிறந்த ஊர் கம்பாலாவா இருந்தா மட்டும் போதாது. அந்தக் கணக்குப்படி மம்தானி அடிச்ச ரெண்டாவது டிக் தப்பு. கறுப்பா நினைச்சுக்கல, ஆப்பிரிக்காவுல பிறந்த அமெரிக்கன்தான்னு அவரே பின்னாடி சொன்னார்.

ஆடம்ஸோட கோபத்தை வெறும் தேர்தல் அரசியல்னு தள்ளிவிட எனக்கு மனசு வரல. அந்தக் கட்டத்துக்குப் பின்னாடி அடிமை வரலாறு இருக்கு. 1978 பாக்கி வழக்குல டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடத்துல 16 இடம் ஒதுக்கினதை நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஆனா இனத்தையும் ஒரு அம்சமா பாக்கலாம்னு கதவைத் திறந்து வெச்சுது. அந்தக் கதவு வழியா யார் நுழையறாங்கன்னு கறுப்பினத்தவர் பாக்கத்தானே செய்வாங்க? நம்ம ஊர்ல தாசில்தார் கையெழுத்து வேணும். அங்க சொன்னதுதான் சான்றிதழ். அதனாலதான் பல வருஷம் கழிச்சும் துரத்துது. எலிசபெத் வாரன் 1986ல டெக்சாஸ் வழக்கறிஞர் பதிவு அட்டையில கையால 'அமெரிக்க இந்தியன்'னு எழுதினது 2019ல வெளிய வந்து, மன்னிப்பு கேக்க வேண்டியதாச்சு.

ஆனா மம்தானி வீட்டுக் கதை வேற. 1972ல இடி அமின் ஆசியர்களை 90 நாள்ல வெளியேறச் சொன்னப்போ துரத்தப்பட்டவர்ல மஹ்மூத் மம்தானியும் ஒருத்தர். எத்தனை தலைமுறையா இருந்தாலும் நீ ஆப்பிரிக்கன் இல்லன்னு அந்த அரசு சொல்லுச்சு. காலனி ஆட்சி சட்டம் போட்டு மக்களை இனம், பழங்குடின்னு எப்படிப் பிரிச்சுதுன்னு அவர் 1996ல எழுதின 'குடிமகனும் குடியும்'ங்கற பொருள்படும் புத்தகம் ரொம்பப் பிரபலம். அவர் மகன் பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு படிவத்துக்கு முன்னாடி உக்காந்து, நான் ஆப்பிரிக்கன்தான்னு டிக் அடிக்கறான். தப்பான கட்டம்தான். ஆனா அதைப் பொய்னு சொல்ல என்னால முடியல.

2025 நவம்பர்ல அவர் ஜெயிச்சு, 2026 ஜனவரி 1 மேயரானார். அதுக்கு முன்னாடியே, 2023 ஜூன்ல, ஹார்வர்ட் வழக்குல சேர்க்கைக்கு இனத்தைப் பாக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பல கல்லூரிகளுக்குப் பொதுவான அந்த விண்ணப்பத்துல கேள்வி மட்டும் அப்புறமும் இருந்துச்சு. பதில் தேர்வு பண்றவங்க கண்ணுல படாம மறைச்சுக்கற வசதியோட.