ஆட்டிசமும் ஹார்மோன் மரபணுக்களும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

கொற்கை முதல் பாபநாசம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில், மூன்று வயதாகியும் பேசாத மகனை நினைத்துக் கலங்கும் தாய்க்குப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் உண்டு: “ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும்.” அந்த ஆறுதல் பொய்த்து, ஆட்டிசம் என்று தெரியவந்தால் பழி தாயின் மேல் விழுகிறது. ஆண் குழந்தைகளிடம் ஆட்டிசம் மிகுந்து காணப்படுவது ஏன்? அதற்குத் தாயின் வளர்ப்பு காரணமா? அறிவியலும் இவ்விரு கேள்விகளோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. ஹார்மோன் சார்ந்த மரபணு ஆய்வு அந்தப் போராட்டத்தில் பிறந்தது.

பழியிலிருந்து மரபுக்கு

1943இல் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசமுள்ளவர்களாக விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் ஆண்கள். இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று கருதிய அவரே, பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் எழுதினார். பின்வந்தோர் இந்த இரண்டாவது கருத்தையே பிடித்துக்கொண்டனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் எழுதிய நூல் தாய்ப்பழியை ஊரறியப் பரப்பியது. அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் உடலியல் காரணங்களை முன்வைத்து அக்கருத்தை மறுத்திருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது; இருகரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபின் பங்கு இவ்வாறு உறுதிப்பட்டது.

ஹார்மோன் வழித் தேடல்

அடுத்த தேடல் இரு திசைகளில் சென்றது. முதலாவது, தாய்-சேய் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோன். 1998இல் ஆட்டிசமுள்ள சிறுவர்களின் இரத்தத்தில் அதன் சராசரி அளவு குறைந்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2005இல் சீனக் குடும்பங்களில் நடந்த ஆய்வு, ஆக்சிடோசின் ஏற்பி மரபணுவின் மாறுபாடுகளை ஆட்டிசத்தோடு இணைத்தது.

இரண்டாவது, பாலின ஹார்மோன்கள். கருவில் டெஸ்டோஸ்டிரோன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்ற கருதுகோளைக் கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் வளர்த்தெடுத்தார். 2009இல் பீஷ்மதேவ் சக்ரவர்த்தி அவரோடு சேர்ந்து 68 மரபணுக்களைச் சோதித்தார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணு ஒன்றும் ஆட்டிசப் பண்புகளோடு தொடர்புடையவற்றுள் இருந்தது. 2011இல் வலேரி ஹூவின் குழு ஆட்டிசத்தோடு இணைக்கப்பட்ட ‘ரோரா’ என்ற மரபணுவை ஆராய்ந்தது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியின் மரபணுவை ரோரா இயக்குகிறது. ஆண் ஹார்மோன் ரோராவை அடக்குகிறது. பெண் ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. ரோரா குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தேங்கும். தேங்கியது ரோராவை மேலும் அடக்கும். ஆண்-பெண் வேறுபாட்டுக்கு ஒரு மூலக்கூறு விளக்கம் இவ்வாறு கிடைத்தது. ஆனால் அது ஆய்வகச் செல்களில் கண்டது.

இந்தியாவில், கொல்கத்தா மனோவிகாஸ் கேந்திராவின் ஆய்வாளர்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ்-ஏ மரபணுவை ஆராய்ந்து, ஆட்டிசத்தோடு அதன் தொடர்பு ஆணிலும் பெண்ணிலும் வேறுபடுவதை 2014இல் வெளியிட்டனர்.

உரைகல்

சிறு ஆய்வுகள் தந்த நம்பிக்கையைப் பெரும் ஆய்வுகள் உரசிப் பார்த்தன. ஆட்டிசமுள்ள 18,381 பேரின் மரபணுத் தரவை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு ஐந்து மரபிடங்களை உறுதிசெய்தது. 2020இல் ஆட்டிசத்தோடு தொடர்புடைய 102 மரபணுக்கள் பட்டியலாயின. அவற்றில் பெரும்பாலானவை பிற மரபணுக்களின் இயக்கத்தையும் நரம்புச் செல்களின் தொடர்பையும் கவனிப்பவை. 2021இல் 290 பிள்ளைகளிடம் 24 வாரம் நடந்த ஆக்சிடோசின் மூக்குத்தெளிப்புச் சோதனையில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் சமூக நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பாலின விகிதமும் மறுபரிசீலனைக்கு உள்ளானது. நான்குக்கு ஒன்று எனப்பட்டது மூன்றுக்கு ஒன்று என்பதற்கே நெருக்கமானது என்று 2017இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே இந்த வேறுபாடு முழுவதையும் ஹார்மோனின் கணக்கில் எழுத முடியாது. பெண் குழந்தைகளைக் கவனிக்கத் தவறியதும் அதில் கலந்திருக்கிறது.

முடிவுரை

ஹார்மோன் மரபணுக்கள் ஆட்டிசத்தின் பல இழைகளுள் ஒன்று. அவற்றைக் காட்டி ஹார்மோன் பரிசோதனையோ ஊசியோ விற்பவரைப் பெற்றோர் நம்ப வேண்டியதில்லை. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் வழிவழியாக நடந்துவரும் நம் குடும்பங்களின் மரபமைப்பை, பெரிதும் ஐரோப்பியத் தரவுகளால் அளக்க முடியாது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் குடும்பங்களும் ஆய்வுக்குள் வர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத பணி இருக்கிறது. 1981இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் ஊர்ப்புறக் குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி அளிக்கின்றன. பேச்சு தாமதமானால் ஆணா பெண்ணா என்று பாராமல் உடனே பரிசோதிக்க வேண்டும். தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சை நிறுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் வேண்டிய சான்று அறிவியலிடம் ஏற்கெனவே இருக்கிறது.