சேமநிதியும் சொந்த வீடும்

கடல் கடந்து பொருளீட்டுவது தமிழ் முஸ்லிம்களுக்கு நேற்று வந்த பழக்கமன்று. சோழமண்டலக் கரையில் மரக்கலம் ஏறிய நம் முன்னோர் சென்ற இடங்களில் இறையில்லம் எழுப்பினர். சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், அல் அப்ரார் பள்ளிவாசல், நாகூர் தர்கா ஆகிய மூன்றும் 1820களில் எழத் தொடங்கியவை. ஆயின், தமக்கென ஓர் இல்லத்தை அங்கே அமைத்துக்கொண்டோர் சிலரே. வீடு என்றால் ஊரில் உள்ள வீடு. சபர் என்றால் என்றேனும் திரும்பி வரும் பயணம். தலைமுறை தலைமுறையாக நிலவிய எண்ணம் இதுவே. அதனைப் பெரிதும் மாற்றியது, மாதந்தோறும் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட ஒரு சிறு தொகை.

அவ்வரலாற்றைத் திருவண்ணாமலையில் வாழும் நாம் அறிந்துகொள்ளத் தக்க காரணம் உண்டு. நம் ஊர் துறைமுகப் பட்டினமன்று. அண்ணாமலையார் கோயிலைச் சுற்றி வளர்ந்த உள்நாட்டு நகரம். காயலும் கீழக்கரையும் நாகூரும் கண்ட கடல் வாணிபம் இங்கு இல்லை. 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகள் ஆள் தேடிய காலத்தில்தான் நம் பகுதியினரும் மிகுதியாகச் சபராளிகள் ஆயினர். இங்கோ, கார்த்திகை தீபத்திற்கும் பௌர்ணமிதோறும் நடைபெறும் கிரிவலத்திற்கும் இலட்சக்கணக்கில் மக்கள் திரளத் திரள, மனை விலையும் மலை ஏறுகிறது. பாலைவன வெயிலில் பத்தாண்டு உழைத்துத் திரும்புகிறவர் கையிலுள்ள தொகை, அவர் புறப்பட்ட நாளில் விசாரித்த மனையின் விலையை எட்டியிருக்கும். திரும்பும் நாளின் விலையை எட்டுவதில்லை. சிங்கப்பூர் சென்றோரில் எளிய ஊதியம் பெற்றவர்களும் எவ்வாறு வீட்டுக்கு உரியவர்கள் ஆயினர் என்னும் வினா இங்கே எழுகிறது.

ஊதியத்தில் ஒரு பங்கு

சிங்கப்பூரில் மத்திய சேமநிதிச் சட்டம் 1953இல் நிறைவேறியது. 1955 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட குடியேற்றம். மலாயாவில் அதற்கு முன்பே, 1951இல், ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டிருந்தது. இரண்டின் நோக்கமும் ஒன்றே: உழைக்கும் காலத்தில் ஊழியரும் முதலாளியும் சேர்ந்து செலுத்தி, முதுமைக்கு ஒரு பொருள் வைத்தல். தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஊழியர் பங்கு நூற்றுக்கு 5, முதலாளி பங்கு நூற்றுக்கு 5. 55 வயதில் பணத்தை எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்குவோர் அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

மாதம் 300 வெள்ளி பெற்ற ஒரு கணக்கரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 15 வெள்ளி, முதலாளி பங்கு 15 வெள்ளி. ஆண்டுக்கு 360. பதின்மூன்று ஆண்டுகளில், வேறு எந்த மிகுதியையும் சேர்க்காமலே, 4,680 வெள்ளி. கையில் வாங்கியிருந்தால் கரைந்திருக்கும் பணம், கண்ணில் படாமையால் நிலைத்தது.

ஆயினும் இந்நிதி எல்லாரையும் தழுவவில்லை. ஊதியம் பெறும் ஊழியருக்கே அது கட்டாயம். நம்மவரில் பெட்டிக்கடை வைத்தோர், உணவுக் கடை நடத்தியோர், நாணயம் மாற்றியோர் பலர். சொந்தத் தொழில் செய்த அவர்களுக்குச் செலுத்த ஒரு முதலாளி இல்லை. உறவினர் கடையில் ஊதியம் எழுதாமல் உழைத்தவருக்கும் கணக்கு ஏறியிராது. கணக்கில் பெயர் இருத்தல் எத்துணைப் பெரிய உரிமை என்பதை இவர்கள் பின்னரே உணர்ந்திருக்கக்கூடும்.

நிதி வீடாகிய கதை

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைந்தது. 1964இல் அது வீடுகளை விற்கத் தொடங்கியது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. வாங்க வந்தோர் அதிகமில்லை. கைச் சம்பளத்திலிருந்து தவணை கட்டினால் உணவுக்கும் ஊருக்கு அனுப்பவும் என்ன மிஞ்சும்? 1968இல் சட்டம் திருத்தப்பட்டது. சேமநிதியிலிருந்தே முன்பணமும் மாதத் தவணையும் செலுத்தலாம் என்றாயிற்று. விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். அதாவது 1,240 வெள்ளி. நாம் மேலே கண்ட கணக்கர் அதனைத் தம் நிதியிலிருந்தே கட்டிவிட முடியும். பின்னர் செலுத்தும் விகிதமும் ஏறியது. 1984இல் ஊழியர் 25, முதலாளி 25 என நூற்றுக்கு 50ஐத் தொட்டது. வீடு என்பது 99 ஆண்டுக் குத்தகைதான். எனினும் வாடகை அறையில் பாய் விரித்தவனுக்கு அதுவே சொந்த வாசல்.

இங்கேதான் வரலாறு நம்மவரை ஒரு வினாவின் முன் நிறுத்தியது. இவ்வீட்டை வாங்கக் குடியுரிமை வேண்டும். குடும்பமும் உடன் வேண்டும். தனியாள் வாங்க அக்காலத்தில் இடமில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டு, கடை மாடியில் பலரோடு தங்கியவர் எதைக் காட்டி விண்ணப்பிப்பார்? சேமநிதி அவரிடம் பணத்தைக் கேட்கவில்லை; உன் குடும்பம் எங்கே என்று கேட்டது.

கடையநல்லூர், தென்காசி மக்கள் இதற்கு விடை வைத்திருந்தனர். பிற ஊரார் ஆண்கள் மட்டுமே சென்ற காலத்தில், நெசவு நலிந்து புறப்பட்ட இவர்களுள் பலர் பெண்டு பிள்ளைகளோடு சென்று தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே அமைந்தது. 1946இல் அது உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவியது. குடும்பமாக வாழ்ந்தமையால் இவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு எளிதில் உரியவர்கள் ஆயினர் எனக் கருத இடமுண்டு. அதற்கு விலையும் இருந்தது. பழைய தெருக்கள் இடிபட, ஒன்றாக வாழ்ந்தோர் தீவெங்கும் பரவினர். தமிழ்வழி பயில்வோர் அருகினர். உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. வீடு கிடைத்தது, தெரு போயிற்று.

வேறு வழியைத் தேர்ந்தோரும் உண்டு. 1968இல் ஆங்கிலேயப் படைத்தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்து, 1971க்குள் அது நிறைவேறியபோது வேலை இழந்த இந்தியர் பலர் சேமநிதியை எடுத்துக்கொண்டு தாயகம் திரும்பினர். கைக்கு வந்த தொகையை நிலமாக்கியவர் பிழைத்தார். விருந்தாகவும் சீராகவும் செலவிட்டவர் சில ஆண்டுகளில் வெறுங்கையராயிருப்பார். குற்றம் அவருடையது மட்டுமன்று. பல்லாண்டு சேமிப்பு ஒரே நாளில் கைக்கு வந்தால் அதைக் காக்கும் பயிற்சி யாருக்கு உண்டு?

பள்ளிவாசலும் பாகப்பிரிவினையும்

புதிய குடியிருப்புகளில் வீடு இருந்தது, தொழ இடமில்லை. 1968இல் அமைந்த சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதியைத் தொடங்கியது. முஸ்லிம் ஊழியரிடமிருந்து, சேமநிதி பிடிக்கும் அதே ஏற்பாட்டின் வழியே, தொடக்கத்தில் மாதம் 50 காசு பெறப்பட்டது. அந்நிதியால் எழுந்த முதற் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் முஹாஜிரீன்: இடம் பெயர்ந்தோர். செல்வர் ஒருவரின் கொடையை எதிர்நோக்கியிராமல், உழைப்பாளர் காசு காசாகச் சேர்த்து இறையில்லம் எழுப்பிய செய்தி நம் ஜமாஅத்துகள் நெஞ்சில் கொள்ளத் தக்கது.

மார்க்க வினாக்களும் எழாமல் இல்லை. நிதியில் சேரும் மிகுதி வட்டியாகுமா? ஊழியர் விருப்பத்தைக் கேளாமல் பிடிக்கப்படும் கட்டாய நிதியில் சேர்வது ஊதியத்தின் தொடர்ச்சியே என்று கொண்ட உலமாக்கள் உளர். பேணுதல் கருதி விலக்கியோரும் உளர். வட்டி அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே பொதித்து வைத்த மலாய் மக்களுக்காக, ஹஜ்ஜுக்கென வட்டியற்ற சேமிப்பு நிறுவனம் ஒன்று 1963இல் மலாயாவில் செயற்படத் தொடங்கியதும் ஈண்டு நினைக்கத் தக்கது. அதற்கு வித்திட்டது பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் அளித்த அறிக்கை.

மற்றொரு வினா, உறுப்பினர் மறைந்தால் நிதி யாருக்கு என்பது. பெயர் குறிக்கப்பட்டவர் அதனைப் பெற்று ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பிரித்தளிக்கும் பொறுப்பாளரே என்று 1971இல் அம்மன்றத்தின் ஃபத்வாக் குழு கூறியது. 2010இல், அந்நியமனத்தை ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, ஏற்கலாம் எனப் புதிய தீர்ப்பு வந்தது. கைம்பெண்ணுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உள்ள தேவையைக் கருதும்போது இம்மாற்றத்தின் பயன் விளங்கும்.

வளைகுடாவும் நாமும்

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். வளைகுடாவில் நம்மவருக்குக் குடியுரிமையும் இல்லை. வீடாக மாறும் சேமநிதியும் இல்லை. பணி முடிவில் ஒரு பணிக்கொடை உண்டு. அதுவும் ஒரே தொகையாகக் கடைசி நாளில் வருவது. வீடு கட்ட வேண்டிய ஊர் திருவண்ணாமலையே. ஆகவே சிங்கப்பூரில் சட்டம் செய்ததை இங்கே குடும்பமே செய்தாக வேண்டும்.

அரசுகள் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. வெளிநாடு வாழ் இந்தியர் ரூபாய்க் கணக்கு 1970இல் வந்தது. கேரளம் 2008இல் புலம்பெயர்ந்தோர் நலச் சட்டம் இயற்றி, உறுப்பினர் செலுத்தும் சந்தாவின் பேரில் ஓய்வூதியம் வழங்குகிறது. தமிழகமும் 2011இல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றியது. மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டு ஊழியருக்கும் சேமநிதி கட்டாயமாகி, இரு தரப்பும் நூற்றுக்கு 2 செலுத்துகின்றன. ஆனால் சபராளியின் மாதச் சேமிப்பு அவன் ஊரில் வீடாக விளையும் நிதி ஒன்று நம்மிடம் இன்னும் இல்லை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

அதுவரை ஜமாஅத்துகளும் குடும்பங்களும் செய்யக்கூடியவை உள. முதல் மாத ஊதியத்திலிருந்தே ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கலாம். நகை, சீர் ஆகியவற்றிற்கு முன்னர் மனையை வாங்கலாம். ஊரில் காத்திருக்கும் மனைவியின் பெயரும் பத்திரத்தில் இடம்பெறச் செய்யலாம். கணக்கு எழுதி வைக்கலாம். வாரிசு உரிமையை உயிருடன் இருக்கும்போதே தெளிவாக்கலாம்.

செழிப்பான ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடக்க வழி கூறிய நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. விளைச்சல் மிகுந்த காலத்திலேயே சேமிப்புக்கு அளவு வகுத்தது அதன் சிறப்பு. எண்ணெய் வளமும் நம் இளைஞரின் உடல் வலிமையும் என்றும் நிலைத்திருப்பவை அல்ல. அவை உள்ளபோதே அளவு வகுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, சபர் முடிந்து திரும்பும் நாளில், இன்ஷா அல்லாஹ், திறப்பதற்கு ஒரு சொந்தக் கதவு இருக்கும்.