வீட்டுக்குள் வந்த பேரொலி

இசை பயில்வோர்க்கு வீடே முதற்பள்ளி. வீணையும் புல்லாங்குழலும் அதிகாலையில் ஒலித்தாலும் அண்டை வீட்டார் பெரிதும் முகஞ்சுளிப்பதில்லை. மின்கிட்டாருக்கோ அந்தப் பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. அதன் குரல் அதனிடத்தில் இல்லை. கம்பியால் இணைக்கப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி மேடைக்கென வளர்ந்தது. அஃது எவ்வாறு அடக்கம் கற்றுப் படிப்பறை மேசைக்கு வந்து சேர்ந்தது என்பது, இசை வரலாற்றில் அறியத்தக்க ஒரு பகுதியாகும்.

அமெரிக்க நடனக் குழுக்களில் எக்காளமும் முரசும் முழங்கியபோது கிட்டாரின் மென்குரல் அமிழ்ந்து போயிற்று. அக்குறையைத் தீர்க்க, காந்தமும் கம்பிச் சுருளும் பொருத்திய கிட்டாரை ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நரம்பின் அதிர்வு நுண்ணிய மின்குறிப்பாக மாறிற்று. வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய் அதனைப் பெருக்கிற்று. உள்ள ஒலியை மாசின்றிப் பெரிதாக்குவதே அக்காலப் பொறிஞர்களின் நோக்கம்.

ஆயினும், வால்வை அதன் எல்லைக்கு மேல் உந்தினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, மூல ஒலியில் இல்லாத புதிய சுரங்கள் உடன் பிறக்கின்றன. பொறிஞர்கள் இதனைக் குற்றம் என்றனர். இளைஞர்களோ குணம் என்றனர். 1951இல் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாடல் பதிவானபோது, வழியில் சேதமுற்ற பெட்டிக்குள் தாளைத் திணித்து வாசித்தனர். அந்தக் கரகரப்பே பாட்டுக்குத் தனி அடையாளமாயிற்று. 1964இல் இங்கிலாந்தின் டேவ் டேவிஸ், வேண்டுமென்றே தம் சிறு பெட்டியின் ஒலிக்கூம்பைச் சவரத் தகட்டால் கீறினார். குற்றம் கலையாகிவிட்டது.

இக்காலத்தில் இருவர் பெயர் நிலைத்தது. ஒருவர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் வானொலி பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர். மற்றவர், இலண்டன் ஹான்வெல் பகுதியில் 1960இல் முரசுக் கடை திறந்த ஜிம் மார்ஷல். ஃபெண்டரின் 'பாஸ்மேன்' பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு மார்ஷலும் அவர்தம் உதவியாளரும் 1962இல் தங்கள் முதற்பெட்டியை அமைத்தனர். மின்சுற்று ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வால்வும் ஒலிக்கூம்பும் வேறு. பிறந்த குரலும் வேறாயிற்று. போலச் செய்தல் இத்துறைக்குப் புதிதன்று என்பது இதனால் பெறப்படும்.

இந்த அலை இப்பகுதியையும் தொட்டது. ஷேடோஸ் குழுவினர் கிளிஃப் ரிச்சர்டுடன் 1961இல் சிங்கப்பூர் வந்து வாசித்தனர். பின்னர் 'கூகிரான்' எனப்பட்ட மலாய்க் கிட்டார்க் குழுக்கள் சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் பெருகின. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது 1960இல் என்பதையும் இங்கு இணைத்து எண்ண வேண்டும். கம்பத்து வீடுகளுக்கிடையே வெளி இருந்தது. அடுக்குமாடியிலோ ஒரே சுவர் இரு குடும்பங்களுக்கும் பொது. மின்கிட்டாரும் பொதுச்சுவரும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன.

பெட்டிகளோ மேலும் பெருத்தன. 1965இல் மார்ஷல் 100 வாட் பெட்டியைச் செய்தார். ஆற்றலைப் பத்திலொன்றாகக் குறைத்தாலும் செவிக்கு ஒலி ஏறத்தாழப் பாதியாகவே தோன்றும். ஆகவே 10 வாட் வால்வுப் பெட்டியும் வீட்டுக்கு மிகையே. ஒலியைத் தணித்தால் வால்வு எல்லையைத் தொடாது. விரும்பிய குரலும் பிறவாது. அண்டை வீட்டாரின் உறக்கம் ஒருபுறம், மாணவனின் ஆர்வம் மறுபுறம் என வழக்கு நீண்டது. டிரான்சிஸ்டர் பொருத்திய சிறு பெட்டிகள் மலிவாக வந்தன. எனினும் எல்லை மீறியபோது அவற்றின் ஒலி வெட்டுண்டாற்போல் வறண்டது. 1982இல் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், இடுப்பில் செருகிக் காதணிக் கருவியால் கேட்கும் 'ராக்மேன்' பெட்டியை வெளியிட்டார். குரலைப் பேரொலியிலிருந்து பிரிக்க இயலும் என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று.

அப்பிரிவினையை நிறைவாக்கியது மின்னிலக்க முறை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் 'விஜி-8' கருவியை வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் லைன் 6 நிறுவனம் 1996இல் 'ஆக்ஸிஸ் 212' பெட்டியையும், 1998இல் அவரை விதை வடிவிலான 'பாட்' கருவியையும் தந்தது. இவற்றின் செயல்முறை வியப்புக்குரியது. கிட்டாரின் மின்குறிப்பு நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளக்கப்பட்டு எண்களாகிறது. வால்வு எவ்வாறு மழுக்கும், ஒலிக்கூம்பு எவ்வாறு அதிரும் என்பன கணக்குகளாக எழுதப்பட்டுள்ளன. எண்கள் அக்கணக்குகளின் வழியே சென்று மீண்டும் ஒலியாகின்றன. இதற்குச் சில மில்லிநொடிகள் ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லவே ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆவதால், விரல் இத்தாமதத்தை உணர்வதில்லை.

மேடையை மறந்து மேசைக்கென்றே அமைந்தது, யமஹா நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டிஎச்ஆர்' பெட்டி. 10 வாட் ஆற்றலும் 8 செண்டிமீட்டர்க் கூம்புகள் இரண்டும் உடைய அது, வானொலிப் பெட்டி போல் அலமாரியில் அடங்கும். 2016இல் வந்த பாஸ் 'கட்டானா' வரிசையில், 100 வாட் பெட்டியையே அரை வாட்டுக்கு இறக்கும் திருகு உண்டு. குழந்தை உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் தந்தை மின்கிட்டார் பயிலும் காலம் வந்துவிட்டது.

எனினும் இவ்வரவுக்கு எல்லையும் உண்டு. ஒலி தணியும்போது மனிதச் செவி அடிச்சுரங்களை மிகுதியாக இழக்கிறது. இதனை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே மேடைக் குரலை எத்துணைத் துல்லியமாகக் கணக்கிட்டாலும், மெல்லக் கேட்கையில் அது மெலிந்தே தோன்றும்; பெரிய கூம்பு காற்றை உந்த, அது மார்பில் படும் உணர்வும் கிட்டாது. வேறோர் இடரும் உண்டு. பழைய மாணவனிடம் ஒரு பெட்டியும் ஒரு குரலும் இருந்தன. அவன் மாற்றக்கூடியது தன் விரலை மட்டுமே. இன்றைய மாணவனிடம் பல பெட்டிகளின் குரல்கள் உள்ளன. திருகுகளைத் திருப்புவதிலேயே ஒரு மாலைப்பொழுது கழியலாம். மிகுந்த கரகரப்போ, தவறிய விரலையும் அழகுபோல் மறைத்துவிடும்.

எனவே, இக்கருவியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர் ஒன்றை நினைவில் இருத்துதல் நலம். கரகரப்பற்ற தெளிந்த குரல் ஒன்றைத் தேர்ந்து, பயிற்சியின் முதற்பகுதி முழுவதையும் அதிலேயே நடத்தச் செய்ய வேண்டும். அக்குரல் எதையும் மறைக்காது. தவறு தவறாகவே கேட்கும். பின்னர் ஏனைய குரல்களை நாடலாம். பொதுச்சுவரின் இருபுறமும் அமைதி நிலவக் கலை வளர்வதற்கு அறிவியல் வழி செய்துவிட்டது. எஞ்சியிருப்பது, நாள்தோறும் அமர்ந்து பயிலும் உழைப்பு; அதனைப் போலச் செய்யும் கணக்கை எவரும் எழுதவில்லை.