நகரசபையும் நதியும்

தில்லிக்கும் மும்பைக்கும் இடையே இரயிலில் சென்று வந்த நம்மவருக்கு இரத்லாம் சந்திப்பு புதிதன்று. மாளவ நாட்டிலுள்ள அந்த ஊரின் சாக்கடை ஒன்று, பாரத நாட்டு நகரசபைகள் அனைத்தின் கடமையையும் வரையறுக்கக் காரணமாயிற்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

இரத்லாமில் நியூ ரோடு என்னும் குடியிருப்புப் பகுதியில் வடிகால் சரிவர அமையவில்லை. கழிப்பிடமற்ற குடிசைவாசிகள் தெருவோரத்தையே நாட வேண்டியிருந்தது. சாராய ஆலையின் கழிவுநீரும் தெருவிலேயே பாய்ந்தது. பொறுத்துப் பார்த்த மக்கள், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் சென்றனர். விழும் நிலையிலுள்ள சுவர், சாய்ந்த மரம், வேலியற்ற குளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் பழைய பிரிவு அது. அதனைக் கொண்டு ஒரு நகரசபையையே கூண்டில் நிறுத்தலாம் என்று எண்ணிய துணிவை நாம் பாராட்டவே வேண்டும்.

மாஜிஸ்திரேட் மக்கள் பக்கம் நின்றார். செஷன்ஸ் நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கிற்று. உயர் நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டிற்று. உச்ச நீதிமன்றத்தில் நகரசபை சொன்ன விடை, 'எங்களிடம் பணமில்லை' என்பதே. 1980-ஆம் ஆண்டு தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டில் பிறந்து, 1952-இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தவர். சட்டம் விதித்த கடமைக்கு வெறும் பெட்டி விடையாகாது என்றார். அதோடு நில்லாமல், ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாயில் முடியக்கூடிய திட்டத்தைத் தேர்ந்து, காலக்கெடுவும் வைத்தார்.

தெருவைவிட்டு அகன்ற சாக்கடை எங்கே போய் விழும்? அவ்வினாவை எழுப்பியது கங்கை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது; எனினும் ஏட்டிலிருந்து அது கரைக்கு இறங்கவில்லை. 1985-இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், கான்பூர் ஜாஜ்மௌ தோல் பதனிடும் சாலைகளுக்கு 1987-இல் உத்தரவு பிறந்தது. 1988 ஜனவரி 12 அன்று நகரசபையின் முறை வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திட்டத்தை ஆறு மாதத்திற்குள் அளிக்க வேண்டும். மாட்டுக்கொட்டில் கழிவை அகற்ற வேண்டும். பிணங்களை ஆற்றில் எறிவதைத் தடுக்க வேண்டும். பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் இயற்கைப் பாதுகாப்பைக் கற்பிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. கங்கைக் கரையின் மற்ற எல்லா நகரசபைகளுக்கும், அவை எத்துணைச் சிறியவையாயினும், இவ்வுத்தரவு பொருந்தும் என்றது.

இதற்கிடையே 1986-இல் காசியில் கங்கைச் செயல் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 25 நகரங்கள் இடம்பெற்றன. அவை யாவும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தவை. சிற்றூர்களுக்கு உத்தரவு இருந்தது, இத்திட்டத்தில் இடமில்லை.

ஜாஜ்மௌவில் டச்சு நாட்டு உதவியுடன் 1989-இல் எழுந்த நிலையம், நாள்தோறும் 50 இலட்சம் லிட்டரைச் சுத்திகரிக்க வல்லது. கழிவுநீர் தொட்டியின் அடியில் புகுந்து மேல்நோக்கி எழும். இடையே படிந்துள்ள சேற்றுப் போர்வையில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எரிவாயுவை விடும். காற்றை ஊட்டும் எந்திரம் வேண்டாமையால் மின்சாரச் செலவு குறைவு. மின்சாரம் நிலையற்ற நகருக்கு ஏற்ற முறை என்பதே நம் கருத்து. ஆயினும் கழிவுநீரை நிலையத்திற்கு இறைத்து ஏற்ற மின்சாரம் வேண்டுமே! அது நின்றபொழுதெல்லாம் சாக்கடை பழைய வழியே கங்கையில் இறங்கியது.

முதற்கட்டம் 2000 மார்ச்சில் முடிந்தது. கட்டும் செலவை மத்திய அரசு ஏற்றிருந்தது. நடத்தும் செலவு மாநிலத்தின்மேலும் நகரசபையின்மேலும் விழுந்தது; இரத்லாம் நகரசபை சொன்ன விடை கங்கைக் கரையிலும் கேட்கலாயிற்று.