பர்ட் மன்றோவின் கொட்டகை: 600 சிசியிலிருந்து 950 சிசி வரை

‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்’ என்று 2005இல் ஒரு படம் வந்தது. பெயரை மட்டும் கேட்டப்போ நம்ம நாட்டு ஆள் யாரையோ பற்றிய படம்னுதான் நினைச்சேன். நீங்களும் நினைச்சிருந்தா வெட்கப்பட வேண்டாம். இங்கே ‘இந்தியன்’ என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருந்த மோட்டார்சைக்கிள் கம்பெனி. ஓட்டியவர் நியூசிலாந்துக்காரர், பர்ட் மன்றோ. ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த நல்ல படம்தான், இன்னும் ரெண்டு தடவை பார்க்கலாம்.

ஆனா அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை. கதை தொடங்கும்போதே கிழவர் கையில் இன்ஜின் ஏறக்குறைய தயாரா இருக்கு. அதுக்கு முந்தின முப்பத்தைந்து வருஷம் படத்தில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷன் பெரிய இன்ஜின் கட்டுவதுன்னா என்னங்கிறது அந்த வருஷங்களில்தான் இருக்கு. அதனால் இந்தக் கட்டுரை ஓட்டத்தைப் பற்றியது அல்ல, கொட்டகையைப் பற்றியது.

மன்றோ பிறந்தது 1899இல். ஊர் இன்வர்கார்கில், நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கிட்டத்தட்ட கடைசி முனை. 1920இல், 21 வயசில், புது இந்தியன் ஸ்கவுட் ஒன்று வாங்கினார். 600 சிசி, இரண்டு சிலிண்டர், ‘வி’ வடிவம், சைடு வால்வ். அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர். 1926இல் அதைப் பிரித்து மாற்றத் தொடங்கினார். அதுக்கப்புறம் நிறுத்தவே இல்லை. பகலில் மோட்டார்சைக்கிள் விற்பனையாளர், மெக்கானிக் வேலை. இரவில் கொட்டகை.

கடைசியில் அந்த இன்ஜின் 950 சிசிக்கு வந்து நின்றது. 1967இல் அவர் போட்ட சாதனை மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதையே அதில்தான் இருக்கு.

கொள்ளளவு 600இலிருந்து 950. ஏறக்குறைய 1.6 மடங்கு. வேகம் 89இலிருந்து 295. சுமார் 3.3 மடங்கு. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமா ஏறும். அதை எதிர்த்து ஓட வேண்டிய பவர் வேகத்தின் கனமா ஏறும். அதே வண்டி, அதே உருவம்னு வைத்துக்கொண்டால் 3.3 மடங்கு வேகத்துக்கு முப்பத்தைந்து மடங்குக்கு மேல் பவர் வேணும். சிசியை 1.6 மடங்காக்கி முப்பத்தைந்து மடங்கு பவர் எடுப்பது நடக்காது. மீனின் உடம்பு மாதிரி ஒரு கூடு போட்டு வண்டியை மூடினதால் காற்றின் தடை பெருமளவு குறைந்தது. அப்பவும் பாக்கி நிறைய இருக்கு. அந்த பாக்கியை சுவாசம், அழுத்தம், சுழற்சி வேகம், எரிபொருள் இவற்றிலிருந்துதான் எடுத்தாகணும்.

ஆக, ‘பெரிய போர்’ என்பது இந்தக் கதையில் ஒரு பகுதிதான். ஆனா மற்ற எல்லாத் தலைவலிகளையும் கூப்பிட்டு வந்தது அதுதான்.

நம்ம ஊரில் லேத் பட்டறைக்குப் போய் ‘போர் பண்றது’ எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர் தேய்ஞ்சு போச்சுன்னா கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கடைந்து எடுத்து, அதுக்கு ஏத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. பிஸ்டன் கடையில் டப்பாவில் கிடைக்கும். மன்றோ செய்தது அது இல்லை. 600ஐ 950 ஆக்க, கம்பெனி கொடுத்த சிலிண்டரைக் கடைந்துகொண்டே போனால் சுவர் காகிதமாயிடும். புது சிலிண்டரே செய்யணும். அதுக்கு ஏத்த பிஸ்டன் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. அதையும் செய்யணும்.

சிலிண்டருக்கு அவர் எடுத்தது பழைய வார்ப்பிரும்பு கேஸ் குழாய், தெருவுக்கு அடியில் புதைக்கிற வகை. கேட்டா சிரிப்பு வரும். யோசிச்சா புத்திசாலித்தனம். வார்ப்பிரும்பு ஊற்றி ஆறும்போது ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு வேகத்தில் குளிர்வதால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். புது வார்ப்பைச் சூடாக்கி ஓட்டினால் அது மெல்லக் கோணும். சிலிண்டர் வட்டம் முட்டை வடிவமாகும். அதனால்தான் பழைய காலப் பட்டறைகளில் வார்ப்புகளை மாசக்கணக்கில் வெளியே போட்டு வைப்பாங்க. பல வருஷம் மண்ணில் கிடந்த குழாய் ஏற்கெனவே கோண வேண்டிய அளவுக்குக் கோணி முடிச்ச இரும்பு.

பிஸ்டன் அதைவிடக் கஷ்டம். பழைய தகர டப்பாக்களில் உலோகத்தை ஊற்றி வார்த்தார். வார்ப்பில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி இருந்தாலும் அந்த இடத்தில்தான் பிளக்கும், வெளியே பார்த்தா தெரியாது. வார்த்த பிறகு அளவு பிரச்சினை. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகமா விரியும். இடைவெளி கொஞ்சம் குறைஞ்சா ஓட்டத்தில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும், நாம் சொல்ற ‘இன்ஜின் சீஸ்’. இடைவெளி கூடினால் பிஸ்டன் ஆடி அடிக்கும், எண்ணெய் மேலே ஏறும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விஷயம். இதை அளக்க மன்றோ மைக்ரோமீட்டராகப் பயன்படுத்தியது ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி.

இதைப் படிக்கிற எல்லோரும் ‘அடேங்கப்பா’ன்னு அங்கேயே நின்றுவிடுவாங்க. நான் கொஞ்சம் யோசிச்சேன். கம்பி எப்படி அளவு சொல்லும்? சொல்லாது. ஆனா எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லையே. இந்தத் துளையும் அந்தப் பொருளும் பொருந்துதா, எவ்வளவு தளர்வுன்னு கைக்குத் தெரிஞ்சா போதும். ஒரே ஆள், ஒரே கை, ஒரே இன்ஜின். பத்தாயிரம் இன்ஜின் செய்கிற கம்பெனிக்குத்தான் எண் தேவை, ஒருத்தர் செய்த பிஸ்டன் இன்னொருத்தர் செய்த சிலிண்டரில் ஏறணும் என்பதற்காக. வீட்டுப் பட்டறைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று போதும். இது என் ஊகம்தான், ஆனா இதை விட்டா வேற விளக்கம் எனக்குத் தோணலை.

சரி, பெரிய பிஸ்டன் வந்தாச்சு. இப்போ எது உடையும்? கனெக்டிங் ராட். கனமான பிஸ்டனை ஒவ்வொரு சுற்றிலும் மேலே போகவிட்டு, நிறுத்தி, கீழே இழுக்கிறது அதுதான். சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவிசை நாலு மடங்காகும். 1920இன் மெல்லிய ராடு அதுக்குப் பிறந்ததில்லை. மன்றோ கேட்டர்பில்லர் டிராக்டரின் ஆக்ஸிலை எடுத்து அதிலிருந்து ராடுகளைக் கையாலேயே செதுக்கினார். அப்புறம் சூடாக்கி, குளிர்வித்து, பதம் போட்டார். டிராக்டர் ஆக்ஸில் சாதாரண இரும்பில்லை, வயலில் முறுக்கையும் அடியையும் தாங்கச் செய்த எஃகு.

ராடு தாங்கினால் பவர் பின்னால் போகும். கிளட்ச் வழுக்கும். பதினேழு தட்டு வைத்து கிளட்ச் செய்தார். மூன்று வரிசைச் சங்கிலி போட்டார். ஃப்ளைவீலும் அவர் செய்ததே. எண்ணெய் ஓட்டமும் அவரே அமைத்தது.

இதுக்கு நடுவில் நடந்த பெரிய மாற்றம், வால்வுகளை மேலே கொண்டுபோனது. சைடு வால்வ் இன்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் தலைகீழா உட்கார்ந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு திருப்பம் திரும்பணும், எரிஞ்ச புகை வெளியே போகவும் அதே மாதிரி. மெதுவா ஓடும்போது பரவாயில்லை. வேகம் கூடினா மூச்சுத் திணறும். சிசியை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே காற்று வராட்டி என்ன பிரயோஜனம்? இரண்டு கேமை நாலு கேமாக்கி, புஷ்ராட் வைத்து, வால்வுகளை பிஸ்டனுக்கு நேர் மேலே வைத்தார். கேமும் கையால் செய்தது. கேமின் முதுகு வளைவு எங்கே கொஞ்சம் கூர்மையானாலும் வால்வ் துள்ளும், துள்ளினா பிஸ்டன் தலையில் இடிக்கும்.

ஒன்றைச் சரிசெய்தா அடுத்தது உடையும், அதைச் சரிசெய்தா அதுக்கும் அடுத்தது. கம்பெனிகளில் இதைக் கண்டுபிடிக்கத் தனித் துறை, சோதனை மேடை எல்லாம் உண்டு. வீட்டில் சோதனை மேடை என்பது வண்டிதான், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். ஊருக்குப் பக்கத்தில் ஓரெட்டி கடற்கரை. கெட்டியான மணல், நீளமான நேர்கோடு. அங்கே ஓட்டி, உடைத்து, திரும்பக் கொண்டுவந்து பிரிப்பார்.

உடைந்ததை அவர் தூக்கிப் போடலை. கொட்டகையில் ஓர் அலமாரி. வெடித்த பிஸ்டன், முறிந்த ராடு எல்லாம் அதில். மேலே எழுதி வைத்திருந்தார்: வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கைகள். படத்திலும் இந்த அலமாரி வரும், அழகான நகைச்சுவையா காட்டுவாங்க. என் பார்வையில் அது அவருடைய ஆய்வுக் குறிப்பேடு. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் முறிஞ்சுதுன்னு பார்க்க உடைஞ்ச பொருளே கையில் இருக்கணும்.

காணிக்கை அலமாரியில் ஏறாத சிலதும் உண்டு. 1940களின் கடைசியில் மணவாழ்க்கை முறிந்தது. வேலையை விட்டார். முழு நேரமும் வண்டியோடு இருந்தார். இதை ‘விடாமுயற்சி’ன்னு மட்டும் எழுதிட்டுப் போறவங்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரவெல்லாம் அரத்தால் இரும்பைத் தேய்க்கிற மனுஷனோடு ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கு. அவங்க பக்கத்துக் கதையை யாரும் படம் எடுக்கலை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்புவெளிக்கு மொத்தம் பத்துத் தடவை போனார், முதல் தடவை சும்மா சுற்றிப் பார்க்க. படத்தில் அது ஒரே பயணமா சுருங்கிடுது. ஒரு பயணத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரரா வேலை செய்துகொண்டு போயிருக்கார். அங்கே இன்னொரு சிக்கல். ஓரெட்டி கடல்மட்டம். பான்வில் சுமார் 1,280 மீட்டர் உயரம். காற்று மெலிசு. கீழே சரியா வைத்த கலவை அங்கே சரியா இருக்காது, பவரும் குறையும்.

1962இல் 850 சிசி, 288 கிலோமீட்டர், சாதனை. 1966இல் 920 சிசி, 270 கிலோமீட்டர், அதுவும் சாதனை! இன்ஜின் பெருசாச்சு, வேகம் குறைஞ்சுது, எப்படி சாதனை? முதலாவது 883 சிசிக்கு உட்பட்ட வகுப்பு, அடுத்தது 1000 சிசிக்கு உட்பட்டது. பெருசானதால் எதிராளிகள் மாறிட்டாங்க, அவ்ளோதான். போர் கூட்டினா வேகம் கூடும்னு நம்புறவங்களுக்கு இந்த ரெண்டு எண்ணையும் காட்டலாம்.

1967இல் 950 சிசி. அவருக்கு வயசு 68, இன்ஜினுக்கு 47. தகுதிக்காக ஒரு திசையில் ஓட்டினப்போ 305 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கார். சாதனைக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டத்தின் சராசரி எடுப்பாங்க. அதில் வந்தது 183.59 மைல்.

அந்த எண்ணும் தப்பு. 2014இல் மன்றோவின் மகன் ஜான் பழைய கணக்கைப் பார்த்து, சராசரி போட்டதில் பிழை இருக்குன்னு கண்டுபிடிச்சார். அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் ஒத்துக்கொண்டு 184.087 மைல்னு திருத்தினது. 47 வருஷம் அரை மைல் குறைவாகவே புத்தகத்தில் இருந்திருக்கு. மன்றோ 1978 ஜனவரியில் இறந்துட்டார், அவருக்குத் தெரியாது.

வண்டி இப்போ இன்வர்கார்கில்லில் ஈ. ஹேய்ஸ் அண்ட் சன்ஸ் என்ற ஹார்டுவேர் கடையில் இருக்கு. போல்ட், நட்டு, அரம், சுத்தியல் விற்கிற கடை. பார்க்க வர்றவங்க பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டித்தான் உள்ளே போகணும்.