ஐஸ்கிரீம் சாப்பிடும் போட்டி

ஐஸ்கிரீம் சாப்பிடும் போட்டி என்பது குறித்த நேரத்துக்குள் யார் அதிகம் சாப்பிடுகிறார், அல்லது குறித்த அளவை யார் முதலில் முடிக்கிறார் என்று பார்க்கும் பந்தயம். உண்ணும் போட்டிகளில் இது தனி ரகம். இட்லி, பரோட்டா, பிரியாணிப் போட்டிகளில் ஆளை மடக்குவது தொண்டையும் வயிறும். ஐஸ்கிரீமில் வயிறு நிரம்புவதற்கு வெகு முன்பே குளிர் மடக்கிவிடும். நெற்றியில் விண்ணென்று ஏறும் வலியை யார் கையாளத் தெரிந்தவரோ அவர்தான் அடுத்த கரண்டியை எடுக்கிறார். இந்த ஒரு காரணத்தால் இதன் உத்தி, ஆபத்து, நடத்தும் முறை எல்லாமே மற்றப் போட்டிகளிலிருந்து மாறுபடுகின்றன. காவிரிப் படுகையில் உள்ள வலங்கைமான் போன்ற ஊர்களில் இத்தகைய போட்டிக்கு என்ன இடம் என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை பார்க்கிறது.

ஊரும் வெயிலும்

வலங்கைமான் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், குடமுருட்டி ஆற்றை ஒட்டி அமைந்த பேரூராட்சி, வட்டத் தலைநகர். நெடுங்காலம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, 1997இல் திருவாரூர் மாவட்டம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. பேச்சாற்றலால் புகழ்பெற்ற வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்த ஊர் இது. திருவிழாக்களுக்கு வெடி செய்து தரும் குடும்பங்களாலும் அறியப்பட்டது. எல்லாவற்றையும்விட இவ்வூரைப் பிற ஊர்க்காரர்கள் நினைவில் வைத்திருப்பது சீதளாதேவி மகா மாரியம்மன் கோயிலின் பாடைக்காவடிக்காக. பங்குனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கடும் நோயிலிருந்து மீண்டவர்கள் பிணம்போல் பாடையில் படுத்து, உறவினர் தோளில் கோயிலை வலம் வருவார்கள்.

பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்கும் காலம். மாரியம்மன் வழிபாடே வெக்கையைத் தணிக்கும் வழிபாடு என்பதால் நீர்மோரும் பானகமும் தெருவுக்குத் தெரு ஊற்றப்படும். அந்தக் கூட்டத்தில் ஐஸ் வண்டி இல்லாமல் இருக்காது. சைக்கிள் கேரியரில் கட்டிய பெட்டி, ரப்பர் பந்தை அழுத்தினால் பாம் பாம் என்று அலறும் ஹாரன், மூடியைத் திறந்ததும் வெண்புகையாய் எழும் குளிர். உள்ளே சேமியா ஐஸ், பால் ஐஸ், கப் ஐஸ். குச்சி ஐஸ் செய்த ஐஸ் கம்பெனிகளில் உப்புநீர்த் தொட்டியில் தகர அச்சுகளை இறக்கி உறையவைப்பார்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாது. அச்சுக்குள் இருக்கும் இனிப்பு நீர் மட்டும் கட்டியாகும்.

பனிக்கட்டியே தமிழ்நாட்டுக்குக் கப்பலில் வந்த பொருள்தான். அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் தம் நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. இயந்திரப் பனிக்கட்டி வந்ததும் அந்த வணிகம் ஓய்ந்தது. பிறகு சிற்றூர்களுக்கு ஐஸ்கிரீம் போய்ச் சேர்ந்த கதையில், 1970இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. பெருநகரச் சந்தையில் மோதுவதைவிட மாவட்ட நகரங்களைத் தேடிப் போனது அந்நிறுவனம்.

தமிழ்நாட்டில் உண்ணும் போட்டி

அளவுக்கு மிஞ்சி உண்பவரை வியந்து பார்ப்பது தமிழருக்குப் பழக்கமானது. திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சி திருமணத்து விருந்து மிஞ்சிக் கிடக்க, சிவபெருமானின் பூதகணமான குண்டோதரன் சோற்று மலையையே தின்று தீர்க்கிறான். பிறகு அவன் தாகம் தணிக்க வைகை வரவழைக்கப்படுகிறது. 1957இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தில் கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாணச் சமையலைக் காலி செய்யும் காட்சியை இன்றும் குழந்தைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். 2009இல் ‘வெண்ணிலா கபடிக் குழு’வின் பரோட்டாப் பந்தயம் ஒரு நடிகருக்கே ‘பரோட்டா’ சூரி என்று பெயர் வாங்கித் தந்தது. அதன்பின் பரோட்டாக் கடைகள் நிஜமாகவே பந்தயம் அறிவித்தன.

ஊர்ப்புறத்தில் காணும் பொங்கல் அன்று நடக்கும் விளையாட்டுகளில் உறியடி, கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டத்தோடு முறுக்குக் கடிக்கும் போட்டியும் உண்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட முறுக்கையோ பன்னையோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வித் தின்னவேண்டும். இதில் தின்னும் அளவு ஒன்றுதான். திறமை மட்டுமே வெல்லும். உண்ணும் போட்டிகளில் மிகப் பண்பட்ட வடிவம் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஐஸ்கிரீம் போட்டியை நம் ஊரில் நடத்துவோர் கற்கவேண்டிய பாடமும் இதில் இருக்கிறது.

உலக அரங்கு

அமெரிக்காவில் உண்ணும் போட்டி தொழில்முறை விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. 1997இல் ஷே சகோதரர்கள் தொடங்கிய அமைப்பு இன்று மேஜர் லீக் ஈட்டிங் என்ற பெயரில் இயங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்களையே அது சேர்க்கும். வாந்தி எடுத்தால் ஆட்டக்காரர் வெளியே. மணி அடிக்கும்போது வாயில் அடைத்து வைத்திருப்பதை, அனுமதித்த நொடிகளுக்குள் விழுங்கிக் காட்டினால்தான் கணக்கில் சேரும்.

ஐஸ்கிரீமில் அந்த அரங்கின் பெரும் பெயர் மிகி சூடோ. 2017 ஆகஸ்டில் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் ஆறு நிமிடத்தில் 16.5 பைன்ட் வனிலா ஐஸ்கிரீமை அவர் முடித்தார். நம் அளவில் சொன்னால் ஏறக்குறைய 7.8 லிட்டர், 100 மில்லி கப்பாக எண்ணினால் 78 கப், அதாவது நிமிடத்துக்குப் பதின்மூன்று. ஐஸ்கிரீமின் பருமனில் கணிசமான பகுதி கடையும்போது புகும் காற்று. ஆகவே எடை அந்த அளவுக்கு வராது. ஆனாலும் குளிர் குறைவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பந்தயமும் அதே நாட்டில் இருக்கிறது. சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் நடைபாதையை முழுதும் நடப்போர், பாதி வழியை ஒட்டிய பென்சில்வேனியாவின் பைன் குரோவ் பர்னஸ் பூங்காக் கடையில் அரை கேலன், அதாவது 1.9 லிட்டர் ஐஸ்கிரீமைத் தனியாளாகத் தின்று முடிக்க முயல்கிறார்கள். முடித்தவருக்குப் பரிசு ஒரு சிறு மரக்கரண்டி. எதிராளி கிடையாது, கடிகாரமும் கிடையாது. வாரக்கணக்கில் மலையேறி உடம்பு வற்றியவர்களுக்கு அந்தக் கொழுப்பும் சர்க்கரையும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. பாதயாத்திரை போய்வந்தவர்களுக்கு அந்தப் பசி புரியும்.

வாய்க்குள் நடப்பது

ஐஸ்கிரீமை அள்ளி விழுங்கியதும் நெற்றியிலும் பொட்டிலும் பாயும் வலிக்கு உண்மையான இடம் மேலண்ணம். அங்குள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் திடீர்க் குளிரில் சுருங்கி, உடனே சூடு சேர்க்கும் பொருட்டு விரிகின்றன. இந்தத் தகவலை எடுத்துச் செல்லும் ட்ரைஜெமினல் நரம்புதான் நெற்றியின் உணர்வையும் சுமக்கிறது. அதனால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொண்டு நெற்றி வலிப்பதாக அறிவிக்கிறது. 2012இல் ஜார்ஜ் செராடார் குழுவினர் 13 பேரைக் குளிர்நீரை மேலண்ணத்தில் படும்படி உறிஞ்சச் சொல்லி ஆராய்ந்தபோது, வலி எழும் நேரத்தில் மூளையின் முன்பகுதித் தமனியில் இரத்த ஓட்டம் கூடுவதையும், தணியும்போது குறைவதையும் கண்டார்கள்.

வேகத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை ஒரு பள்ளி மாணவியே நிறுவிக் காட்டியிருக்கிறார். கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்த மாயா காக்சரவ்ஸ்கி, தம் பள்ளி மாணவர் 145 பேரை இரண்டு பிரிவாக்கி ஐஸ்கிரீம் கொடுத்தார். 100 மில்லியை ஐந்து நொடிக்குள் விழுங்கியவர்களில் 27 விழுக்காட்டினருக்குத் தலைவலி வந்தது. முப்பது நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கே வந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கும். நாக்கை மேலே அழுத்திப் பிடித்தாலும், வெதுவெதுப்பான நீரைக் கொப்பளித்தாலும் சீக்கிரம் தணியும்.

பழகிய போட்டியாளர்களின் உத்திகள் இதைச் சுற்றியே அமைகின்றன. கரண்டியைக் கவிழ்த்து நாக்கின் மேல் வைத்து, மேலண்ணத்தில் படாமல் உள்ளே தள்ளுவார்கள். ஓரம் இளகும்வரை கலக்கிவிட்டுத் தொடங்குவதும் உண்டு.

அடுத்த தடை திகட்டல். குளிர்ந்த நாக்குக்குச் சுவை மங்கித் தெரியும் என்பதால் ஐஸ்கிரீமில் சர்க்கரையைத் தூக்கலாகவே போடுகிறார்கள். இளகிய ஐஸ்கிரீமை நக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தொடர்ந்து ஒரே இனிப்பு போனால் வயிற்றில் இடமிருந்தும் வாய் மறுக்கும். அமெரிக்கப் போட்டியாளர்கள் நடுவில் உப்பிட்ட உருளைக்கிழங்கு வறுவலைக் கடித்து நாக்கை மீட்டுக்கொள்வதுண்டு. தஞ்சாவூர்ப் பந்தியில் உண்டவர்களுக்கு இது புதிதல்ல. இலையில் பாயசம் விட்டு அப்பளத்தை நொறுக்கிப்போட்டுச் சாப்பிடுவதும், அதன்மேல் மோர்ச் சோறும் ஊறுகாயும் வருவதும் இந்தத் திகட்டலை முறிக்கத்தான்.

வயிறும் உடம்பும்

2007இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு தொழில்முறைப் போட்டியாளரையும் ஒரு சாதாரண ஆளையும் ஹாட் டாக் தின்னவைத்து, வயிற்றை எக்ஸ்ரே ஒளிப்படத்தில் கண்காணித்தார்கள். சாதாரண ஆள் ஏழோடு நிறுத்திவிட்டார். போட்டியாளர் பத்து நிமிடத்தில் 36 தின்றும் நிறைவு உணர்வே இல்லை. இரைப்பை தளர்ந்த பெரும் பையாகிவிட்டிருந்தது. ஆராய்ச்சியாளர்களே அவரை நிறுத்தச் சொன்னார்கள். இப்படிப் பழக்கிய இரைப்பை நாளடைவில் சுருங்கும் திறனை இழக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

ஐஸ்கிரீமுக்கென்று சில தொல்லைகள் தனியே உண்டு. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்த பெரியவர்கள் தென்னிந்தியாவில் நிறைய. அவர்களுக்கு வயிறு உப்பி, வயிற்றுப்போக்கும் வரும். இந்திய உணவுத் தரப்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஒரு லிட்டரில் ஆயிரம் கலோரிக்கு மேலும், நூறு கிராமுக்கு மேல் சர்க்கரையும் வந்துவிடும். பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் அறிவித்த நாட்டில், தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் மேடையேறுவோர் இருப்பார்கள் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்யவேண்டும். குளிர்ந்தது உணவுக்குழாயில் வேகமாக இறங்கும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகும் நிகழ்வுகளும் அரிதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

மூச்சடைப்பு ஆபத்து இளகும் ஐஸ்கிரீமில் இட்லியைவிடக் குறைவு. ஆனால் வேஃபர் கோன், முந்திரி, பழத்துண்டு சேர்ந்தால் அந்தச் சாதகம் போய்விடும். 2024 செப்டம்பர் 14 அன்று, ஓணத்தையொட்டிப் பாலக்காடு மாவட்டம் வாளையார் பக்கம் நடந்த இட்லிப் போட்டியில், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் இட்லிகளைச் சேர்த்து விழுங்கிய 49 வயதுக்காரர் மூச்சடைத்து இறந்தார். தமிழ்நாட்டு எல்லையில் நடந்த அந்தச் சாவு யாருடைய கவனக்குறைவாலும் வந்ததாகச் சொல்வதைவிட, வேகத்தைப் பரிசுக்குரியதாக்கிய விதியால் வந்தது என்பதே சரி. அதற்கு முந்தைய மாதம் கோயம்புத்தூரில் ஆறு பிரியாணி தின்றால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்த போட்டிக்குக் கூட்டம் முண்டியடித்து, காவல்துறை வழக்குப் பதிந்தது. பணத்தேவை உள்ளவனின் பசியைக் காட்சிப்பொருளாக்கும் போட்டி எதுவும் ஊர் விழாவுக்கு உகந்ததல்ல.

நடத்துவோருக்கு

சிற்றூர் விழாவில் ஐஸ்கிரீம் போட்டி நடத்த விரும்பினால், முறுக்குக் கடிக்கும் போட்டியைப் போல அளவைக் கட்டிவிடுவது நல்லது. ஆளுக்கு ஒரு 100 மில்லி கப்; கை கட்டியபடி, அல்லது கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் மற்றவருக்கு ஊட்டியபடி, சிந்தாமல் முடிப்பவருக்குப் பரிசு என்று வைக்கலாம். சிறுவர்களுக்கு வேகப் போட்டி கூடாது. கோன், பருப்பு, ஜெல்லி வேண்டாம். வெறும் வனிலா போதும். நீரிழிவு, இதய நோய், பால் ஒவ்வாமை உண்டா என்று பெயர் பதியும்போதே கேட்கவேண்டும். மின்வெட்டில் இளகி மறுபடி உறைந்த சரக்கைக் கொடுக்கக்கூடாது. மேலே பனித்துகள் சொரசொரவென்று படிந்திருந்தால் அது அப்படிப்பட்டதாக இருக்கலாம். பிளாஸ்கில் வெந்நீரும், மூச்சடைத்தவருக்கு முதுகில் தட்டியும் வயிற்றை அழுத்தியும் முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவரும் மேடையருகே இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஐஸ்கிரீமுக்கு ஆர்டர் கொடுங்கள்.