சயாம் நாட்டில் திருவெம்பாவை விழா

மார்கழித் திங்களில் வைகறைப் போதில் நம் திருக்கோயில்களில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதப்பெறுதலை அறியாதார் இலர். கடல் கடந்த சயாம் நாட்டின் தலைநகராம் பாங்காக்கிலும் அவ்விரு நூல்களின் பெயரால் ஓர் அரச விழா நடைபெற்று வருகின்றது என்பதை அறிந்தார் மிகச் சிலரே. அவ்விழாவினைத் தாய்லாந்து மக்கள் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’ என்பர். ‘திரு’ என்னும் நம் சொல்லே அவர் நாவில் ‘திரி’ ஆயிற்று.

அந்நாடு விழாக்கள் மலிந்த நாடு. சித்திரைப் புத்தாண்டினையொட்டி ஒருவர் மேல் ஒருவர் நீர் தெளித்து மகிழும் சொங்க்ரான் விழா, சங்கிராந்தி என்னும் வடசொல்லால் பெயர் பெற்றது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வாழைத்தண்டில் தெப்பம் செய்து, விளக்கேற்றி, ஆற்றில் மிதக்க விடும் லோய் கிரதோங் விழாவைக் காண அயல்நாட்டார் பல்லாயிரவர் திரள்வர். மே மாதத்தில் அரண்மனை அருகிலுள்ள சனாம் லுவாங் திடலில் பிராமணர் முன்னிற்க ஏர் பூட்டும் அரச விழா நிகழும். நெல், சோளம், பயறு, எள், மது, நீர், புல் என்னும் ஏழனுள் எருதுகள் எதனை உண்கின்றனவோ அதனைக் கொண்டு அவ்வாண்டின் விளைவைக் கணிப்பர். இவை யாவும் காணத் தக்கனவே. எனினும் தமிழர்க்கு உரிமையுடையது முதலிற் கூறிய விழாவே என்பது எம் துணிபு.

அயுத்தியா நகரம் 1767-ஆம் ஆண்டு பர்மியரால் அழிவுற்றபோது அரண்மனைச் சடங்கு நூல்கள் பல எரிந்தொழிந்தன. பின்னர் 1782-இல் அரசெய்திய முதலாம் இராமர் பாங்காக்கில் புதிய தலைநகர் அமைத்து, 1784-இல் அங்கே ‘தேவஸ்தான்’ என்னும் கோயிலை எடுப்பித்தார். சிவபெருமான், விநாயகர், திருமால் ஆகிய மூவர்க்கும் அதில் தனித்தனிச் சந்நிதிகள் உள. அதன் எதிரே வானளாவ ஓர் ஊஞ்சலும் நாட்டப் பெற்றது. சடங்குகளை நடத்தும் பிராமணர் பலர் தென்பகுதியிலுள்ள நகோன் சி தம்மராத் முதலிய ஊர்களின் வழியினர். அப்பகுதிக்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. தக்குவாபா என்னுமிடத்திற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்னும் குளத்தையும் அதனைக் காத்த மணிக்கிராமத்தாரையும் குறிக்கின்றது. வணிகர் சென்ற வழியே கோயிலும் பாடலும் சென்றன போலும்.

விழாவின் முறையைச் சிறிது விரித்துரைப்போம். வளர்பிறை ஏழாம் நாள் சிவபெருமான் இவ்வுலகிற்கு எழுந்தருளிப் பத்து நாள் தங்குகின்றார். அவர் மீண்ட பின் திருமால் வந்து ஐந்து நாள் தங்குகின்றார் என்பது அவர்தம் கொள்கை. முன்னது திரியம்பாவாய், பின்னது திரிபாவாய். நம் நாட்டிலும் திருவாதிரையோடு முடியும் பத்து நாள்களே திருவெம்பாவைக்கு உரியன அல்லவா? அன்றைய சயாமில் அரசர் ஆண்டுதோறும் ஓர் உயர் அதிகாரியைச் சிவபெருமானின் இடத்தில் அமர்த்துவார். அவர் ஒரு காலை மடித்து மற்றொரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றியிருக்க, நாக வடிவத் தலையணி பூண்ட நால்வர் ஊஞ்சற் பலகையில் ஏறி உந்துவர். மூங்கிற் கழியில் தொங்கும் பணமுடிப்பை முன்னிற்பவர் பல்லாற் கௌவ வேண்டும். மூன்று முறை ஆடுவர்; பரிசு முறையே 12, 10, 8 பாத்து. ஆட்டம் முடிந்த பின் எருமைக் கொம்பினால் நீர் தெளித்து ஆடுவர். நிலவுலகின் உறுதியை இறைவன் சோதித்ததை இஃது உணர்த்தும் என்பர்.

ஊஞ்சலுக்கும் பாவைப் பாட்டிற்கும் இயைபு யாது? மாணிக்கவாசகர் அருளிய திருப்பொன்னூசலை நினைப்பார் உளர். வேத வேள்வியாகிய மகாவிரதத்தில் ஹோதா ஊஞ்சலில் அமர்ந்து ஓதுதலைக் காட்டுவாரும் உளர். இரண்டும் கலந்திருத்தல் கூடும்.

பாடலின் நிலையே நம் நெஞ்சைத் தொடுவது. அப்பிராமணர் கிரந்த எழுத்தேடுகளை வழிவழியாகக் காத்து, ஓசையைத் தாய் எழுத்திலும் வரைந்து வைத்து, பொருள் அறியாமலே ஓதி வந்தனர். அது வடமொழி மந்திரம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தனிநாயக அடிகள் முதலிய தமிழறிஞரும், ழான் ஃபிலியோசா என்னும் பிரெஞ்சு அறிஞரும் ஆய்ந்து, அதனுள் திருவெம்பாவையும் தேவாரப் பகுதிகளும் உள்ளமையை உலகறியச் செய்தனர். சொற்கள் சிதைந்துள்ளன. தோழியரை எழுப்பும் கன்னியர் இல்லை. நீராடும் பொய்கையும் இல்லை. ஆடவரான பூசகர் மட்டுமே உளர். ஆயினும் பொருள் தெரியாத ஒரு மொழியை, அது இறைவனுக்கு உரியது என்னும் ஒரே காரணத்தால் தலைமுறை தலைமுறையாக விடாது ஓதிய அவர்தம் பற்றை என்னென்பது! பொருள் விளங்கும் நாமோ மார்கழி விடியலில் போர்வையை விலக்கத் தயங்குகின்றோம்.

ஊஞ்சல் 1920-இல் சுதாத் என்னும் புத்தர் கோயிலின் முன்னுள்ள திடலுக்கு மாற்றப் பெற்றது. ஆடியோர் சிலர் வீழ்ந்து உயிர் துறந்தமையாலும் பிற காரணங்களாலும் 1935-ஆம் ஆண்டளவில் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது. பழைய மரம் தளர்வுற்றமையின், பிரே மாநிலத்துத் தேக்கு மரங்கள் ஆறு கொண்டு புதிதாக அமைத்து 2007-இல் விழா எடுத்தனர். ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள அச்செந்நிறத் தூண்களைப் பாங்காக் செல்லும் அன்பர் எவரும் காணலாம். பலகை இல்லை, ஆடுவாரும் இல்லை.

ஆனால் விழா நின்றிலது. தேவஸ்தானத்தின் உள்ளே வெண்ணிற ஆடை உடுத்த பூசகர், பெரும்பாலும் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ, கயிலை வாயில் திறக்கும் மந்திரம் ஓதித் தொடங்குகின்றனர். அவல், பொரி, கரும்பு, வாழை, தேங்காய் முதலியன நிவேதனமாகின்றன. இறைவனை வழியனுப்பும் இரவில், திருவுருவங்களை நீராட்டி, அன்ன வடிவான சிறிய ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து, மெல்ல ஆட்டிப் பாடுகின்றனர். வெளியே நின்ற பேரூஞ்சல் ஓய்ந்த பின்னும் உள்ளே இச்சிற்றூஞ்சல் ஆடிக்கொண்டிருக்கின்றது.